வயித்தோட அசைவ அளக்க காந்தமா, ஐசோடோப்பா, மூச்சு டெஸ்டா? டர்பன்ல இருக்கிறவங்க எத எடுக்கலாம்

இந்த கேள்வி ரெண்டு விதமான ஆளுங்ககிட்ட இருந்து வருது. ஒண்ணு, ரொம்ப வருஷமா சுகர் இருக்கிற, தென்னாப்பிரிக்கா டர்பன்ல நம்ம சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கத்து பெரியவங்க. நாலு வாய் சாப்பிட்டாலே வயிறு நெறஞ்சிடுது, ராத்திரி சாப்பிட்டது காலையில வாந்தியில அப்படியே வருது, டாக்டர் "வயிறு மெதுவா காலியாகுதோன்னு பாக்கணும்"னு எழுதிக் குடுத்துட்டாரு, உடனே பேரப்பசங்க நெட்ல தேடிட்டு "காந்தத்த வச்சே அளக்கிறாங்களாம் ஆயா, கதிர்வீச்சே இல்லியாம், அதையே கேளுங்க"ன்னு சொல்லிடுறாங்க. இன்னொண்ணு, பிசிக்ஸ், மெடிக்கல் பிசிக்ஸ் படிக்கிற பசங்க, ப்ராஜெக்டுக்கு எந்த காந்த முறைய எடுத்தா இங்க முடியும்னு கேக்குறாங்க.

ரெண்டு பேருக்கும் ஒரே பதில் கிடையாது, அத மொதல்லயே சொல்லிடுறேன். நோயாளியா இருந்தா இப்போதைக்கு ஐசோடோப் ஸ்கேன் (கொஞ்சம் கதிர்வீச்சு பொருள் கலந்த சாப்பாட்ட குடுத்து படம் எடுக்கிறது), அது முடியலன்னா மூச்சு டெஸ்ட். காந்த முறைங்க பெரும்பாலும் ஆராய்ச்சிக் கூடத்தத் தாண்டி இன்னும் ஆஸ்பத்திரிக்குள்ள வரல. மாணவரா இருந்தா காந்தம்தான் எடுக்கணும், ஆனா எல்லாரும் ஆசப்படுற ஸ்க்விட் (ரொம்ப சின்ன காந்தப்புலத்தையும் பிடிக்கிற, கடுங்குளிர்ல வைக்கிற சென்சர்) இல்ல. ஏன்னு கீழ பாக்கலாம்.

## எத வச்சு எடை போடுறது

எது பெஸ்ட்னு கேக்குறதுக்கு முன்னாடி எத அளக்கணும்னு கேக்கணும். வயித்துல நடக்கிறது ஒரு விஷயம் இல்ல. மொதல்ல மின்சாரத் தாளம், இரைப்பைல நிமிஷத்துக்கு சுமார் 3 அலை, சிறுகுடல் ஆரம்பத்துல சுமார் 12, போகப் போக கொறஞ்சு கடைசியில 8 கிட்ட வந்துடும். அடுத்தது தசை நிஜமாவே சுருங்குறது, தாளம் இருந்தும் சுருக்கம் வராம போகலாம். மூணாவது சாப்பாடு எவ்வளவு வேகமா இரைப்பைய விட்டு வெளிய போகுதுங்கிறது, சுருக்கம் நல்லா இருந்தும் கீழ இருக்கிற வாசல் சரியா திறக்கலன்னா சாப்பாடு தேங்கும். நாலாவது, முழுங்கின ஒரு பொருள் வாயில இருந்து கடைசி வரைக்கும் போக எடுக்கிற நேரம். ஒவ்வொரு மெஷினும் இதுல ஒண்ணு ரெண்டத்தான் பாக்குது, இத கவனிக்காமதான் முக்கால்வாசி பேரு குழம்புறாங்க.

அதுக்கப்புறம் இடம் என்ன கேக்குது (தனி ரூம், ஹீலியம், தடையில்லாத கரண்ட்), உங்க உடம்பு ஒத்துக்குமா (பேஸ்மேக்கர், உடம்பு வாகு, கர்ப்பம்), வர்ற நம்பர வச்சு டாக்டர் எதையாவது மாத்துவாரா. பில்லுல வராத செலவும் இருக்கு, ஒரு நாள் சம்பளம், கூட வர்ற மகளோட ஒரு நாள் லீவு, மாத்திரைய நிறுத்தினதால படுற கஷ்டம்.

## ஐசோடோப் ஸ்கேன்

இதுதான் உலகம் முழுக்க அளவுகோல். 2008ல அமெரிக்காவுல வயித்து டாக்டருங்களும் நியூக்ளியர் மெடிசின்காரங்களும் சேர்ந்து ஒரே முறைன்னு முடிவு பண்ணாங்க: டெக்னீசியம்-99எம்ங்கிற கதிர்வீச்சு பொருள் கலந்த முட்டை வெள்ளை, ரெண்டு துண்டு டோஸ்ட், ஜாம், தண்ணி. சாப்பிட்ட உடனே, 1 மணி, 2 மணி, 4 மணின்னு படம் எடுப்பாங்க. 2 மணி நேரத்துல 60 சதவீதத்துக்கு மேலயோ, 4 மணி நேரத்துல 10 சதவீதத்துக்கு மேலயோ வயித்துல மிச்சம் இருந்தா மெதுவான வயிறுன்னு அர்த்தம். அந்த 4 மணி படம் ரொம்ப முக்கியம். சில இடத்துல ரெண்டு மணி நேரத்தோட அனுப்பிடுவாங்க, புக் பண்ணும்போதே நாலு மணி நேர டெஸ்டான்னு கேட்டு உறுதி பண்ணிக்கோங்க, இல்லன்னா லீவு போட்டு போனதுக்கு அர கொற ரிசல்ட்தான் கையில வரும்.

கதிர்வீச்சு இருக்குதான், ஆனா ஒரு வருஷத்துல மண்ணுல இருந்தும் வானத்துல இருந்தும் நமக்கு சும்மாவே கிடைக்கிறதவிட கம்மி, டெக்னீசியமும் 6 மணி நேரத்துக்கு ஒருதரம் பாதியா கொறஞ்சுடும். கர்ப்பமா இருக்கிறவங்க தவிர மத்தவங்க இதுக்காக பயந்து தள்ளிப் போட வேண்டாம்னுதான் சொல்வேன். இன்னொரு சங்கதி, இந்த டெக்னீசியத்தோட தாய்ப்பொருள் மாலிப்டினம்-99, அத உலகத்துக்கே சப்ளை பண்ற கொஞ்சம் இடங்கள்ல ஒண்ணு நம்ம ப்ரிட்டோரியா பக்கத்து பெலிண்டாபா, 1965ல இருந்து ஓடுற சஃபாரி-1 ரியாக்டர். 2017 கடைசியில அங்க இருக்கிற ஐசோடோப் ப்ளான்ட் நின்னப்ப வெளிநாட்டு ஆஸ்பத்திரிங்க கூட தட்டுப்பாட்டுல மாட்டிக்கிச்சு.

மறைஞ்ச செலவு சாப்பாட்டுலயும் மாத்திரையிலயும் இருக்கு. புரட்டாசி விரதமோ காவடி விரதமோ இருக்கிற வீட்டுல முட்டைன்னதும் முகம் மாறும், அதனால தேதிய விரதம் முடிஞ்சு வச்சுக்கோங்க. வேற சாப்பாட்டுல பண்ணலாம், ஆனா மேல சொன்ன 60, 10 நம்பரெல்லாம் அந்த முட்டை சாப்பாட்டுக்குன்னு அளந்தது, சாப்பாடு மாறினா நம்பரும் மாறும். மெட்டோக்ளோப்ரமைட் மாதிரி வயித்த ஓட்டுற மாத்திரைய ரெண்டு மூணு நாள் முன்னாடியே நிறுத்தச் சொல்வாங்க. ஆளுங்க மறந்துடுறது கோடீன் கலந்த வலி மாத்திரை, இங்க பார்மசி கவுண்டர்லயே கிடைக்குறதால அத மருந்துன்னே யாரும் டாக்டர்கிட்ட சொல்றதில்ல, ஆனா அது வயித்த நல்லாவே மெதுவாக்கும். டகா (கஞ்சா) இழுக்கிறவங்களும் சொல்லிடணும், வெக்கப்பட்டா ரிசல்ட்தான் தப்பா போகும். ஒடம்பு கொறைய வாராவாரம் போடுற ஊசியும் அப்படித்தான். எல்லாத்துக்கும் மேல அன்னைக்கு காலையில சுகர் 15 மில்லிமோலுக்கு (mmol/L) மேல இருந்தா டெஸ்ட தள்ளி வைக்கிறதுதான் சரி, ஏறின சுகரே வயித்த மெதுவாக்கிடும், அப்புறம் நோய அளக்கிறோமா அன்னைய சுகர அளக்கிறோமான்னே தெரியாது.

## மூச்சு டெஸ்ட்

கார்பன்-13 கலந்த சாப்பாட்ட சாப்பிட்டுட்டு நேரம் பாத்து பாத்து பையிலயோ ட்யூப்லயோ ஊதணும், அவ்வளவுதான். கதிர்வீச்சு இல்ல, கர்ப்பிணிக்கும் கொழந்தைக்கும் சரி, சேம்பிள தூரத்து லேபுக்கு அனுப்பலாம். ஆனா அந்த கார்பன் இரைப்பைய விட்டு குடலுக்கு போய், அங்க உறிஞ்சப்பட்டு, கல்லீரல்ல எரிஞ்சு, நுரையீரல் வழியா வரணும், வழியில எங்க கோளாறு இருந்தாலும் கணக்கு தப்பும். கல்லீரல் நோய், மோசமான ஆஸ்துமா இருந்தா வேண்டாம். இதுலயும் பெரும்பாலும் முட்டைதான்.

## ஸ்க்விட்: வயித்தோட காந்தத்த வெளிய இருந்தே கேக்குறது

காந்த முறைன்னு சொன்னா மொதல்ல எல்லாரும் காட்டுறது இத. அழகான விஷயம்தான், அதுல சந்தேகமே இல்ல. இரைப்பை தசையில கரண்ட் ஓடுது, கரண்ட் ஓடுற இடத்துல காந்தப்புலம் இருக்கும், அத வயித்துக்கு மேல வச்ச சென்சர் பிடிக்குது. எதையும் முழுங்க வேண்டாம், எதையும் ஒட்ட வேண்டாம்.

தோல்ல எலக்ட்ரோட் ஒட்டி அளந்தா போதாதான்னு கேக்கலாம். 1921ல சான் ஃப்ரான்சிஸ்கோல ஆல்வரெஸ்ங்கிற டாக்டர் அதத்தான் பண்ணாரு, ஆனா அவருக்கு கிடைச்சது வயித்துத் தோல் வழியாவே இரைப்பை அசையுறது கண்ணுக்கு தெரியிற அளவுக்கு ஒல்லியான ஒரு பாட்டிம்மா. நம்மள்ல எத்தன பேரு அப்படி இருக்கோம்? நடுவுல இருக்கிற கொழுப்பும் தசையும் மின் சிக்னல சிதறடிச்சுடும், காந்தப்புலத்துக்கு அந்த தொந்தரவு ரொம்ப கம்மி, தூரம் கூடக் கூட பலம் கொறையும் அவ்வளவுதான். அதனால அலை எத்தன வருதுங்கிறதோட எந்தப் பக்கமா எவ்வளவு வேகமா ஓடுதுங்கிறதையும் பல சென்சர் வச்சு வரைபடமா பாக்கலாம். அமெரிக்காவுல வாண்டர்பில்ட் யுனிவர்சிட்டில பிராட்ஷா, ரிச்சர்ட்ஸ் குரூப் இதுல ரொம்ப வருஷம் வேல பாத்தாங்க, சுகர்னால வயிறு மெதுவானவங்களோட காந்த சிக்னல் மத்தவங்களோடதுல இருந்து மாறி இருக்குன்னும் காட்டினாங்க.

அப்ப ஏன் வேண்டாங்கிறேன்? வயித்துல இருந்து வர்ற புலம் பிக்கோடெஸ்லா கணக்கு, பூமியோட புலம் 25ல இருந்து 65 மைக்ரோடெஸ்லா, அதாவது பத்து லட்சம் மடங்குக்கு மேல வித்தியாசம். நம்ம தென்னாப்பிரிக்கா பக்கம் பூமியோட காந்தம் கம்மிதான், ஆனா அதனால லாபம் எதுவும் இல்ல, தொந்தரவு பண்றது நிலையா இருக்கிற புலம் இல்ல, ஆடுற புலம். லிஃப்ட், கார், முக்கியமா ரயில். இங்க லோக்கல் ட்ரெயின் 3 கிலோவோல்ட் டிசி கரண்ட்ல ஓடுது, ஒவ்வொரு வண்டி கிளம்பும்போதும் தரையோட கரண்ட் பாயும். கேப் டவுன்ல இருந்த காந்த ஆய்வகத்தையே ரயில் மின்மயமானதால 1941ல ஹெர்மானஸுக்கு தூக்கிட்டு போனாங்கன்னா பாத்துக்கோங்க. பூமியோட காந்தத்த அளக்கவே அந்தப் பாடுன்னா வயித்தோடத அளக்க டர்பன் நடுவுல காந்தம் நுழையாத ரூம் ஒண்ணு கட்டியே ஆகணும், அதுதான் பெரிய செலவு. அதுக்கு மேல மைனஸ் 269 டிகிரியில வைக்கிற திரவ ஹீலியம், அது கொதிச்சு ஆவியாகிட்டே இருக்கும், திருப்பித் திருப்பி ஊத்தணும். ஹீலியம் வேண்டாத ரூபிடியம் ஆவி சென்சருங்க இப்ப வந்திருக்கு, ஆனா அதுக்கும் அந்த ரூம் வேணும். மூச்சு விடுறது வேற நிமிஷத்துக்கு 12, 15ன்னு சிறுகுடல் அலைக்கு பக்கத்துலயே வந்து கலந்துக்கும், அத பிரிக்கிறதே தனி கணக்கு.

ஏற்கனவே அந்த ரூம் இருக்கிற வெளிநாட்டு லேபுக்கு மேல்படிப்புக்கு போறீங்கன்னா கண்ண மூடிட்டு எடுங்க. குடலுக்கு ரத்தம் நின்னு போறத வெளிய இருந்தே கண்டுபிடிக்க முடியுமாங்கிற ஆராய்ச்சியெல்லாம் இதுலதான் நடக்குது.

## முழுங்குற காந்தம்

இதுல ரெண்டு வகை. ஜெர்மனில கிரைஃப்ஸ்வால்ட்ல வெய்ட்ஷீஸ் குரூப் மாத்திரைக்குள்ள கருப்பு இரும்பு ஆக்சைட கொஞ்சம் சேர்த்து காந்தமாக்கி குடுத்தாங்க, அது ஈ 172ன்னு மாத்திரைக்கு கலர் போட ஏற்கனவே சேக்குற பொருள்தான். மாத்திரை எங்க இருக்கு, எப்ப கரையுதுன்னு பாக்கலாம், கரையும்போது காந்த பலம் கொறையுதுல்ல. மருந்து கம்பெனிக்கு அருமையான முறை, ஆனா புலம் ரொம்ப சின்னது, அதனால மறுபடியும் ஸ்க்விட், மறுபடியும் அந்த ரூம்.

ரெண்டாவது, காந்தத்தையே கொஞ்சம் பலமா வச்சுட்டு சென்சர சாதாரணமா வைக்கிறது. சுவிட்சர்லாந்துல மோட்டிலிஸ் கம்பெனி அப்படித்தான் சின்ன காந்த மாத்திரையும் அத தேடுற சென்சர் தட்டும் பண்ணாங்க, அடுத்து பேட்டரி வச்ச கேப்ஸ்யூல் வந்துச்சு, அது தானே புலத்த அனுப்பும், பெல்ட்ல மாட்டுற பெட்டி அத பிடிக்கும். டென்மார்க்ல ஆர்ஹஸ்ல இத வச்சு நெறய வேல நடந்திருக்கு. வீட்டுக்கு போலாம், தூங்கலாம், பெருங்குடல் வரைக்கும் எங்க எவ்வளவு நேரம் நின்னுச்சுன்னு தெரியும். கேப்ஸ்யூல் ஆடுற தாளத்த பாத்தே எந்த இடத்துல இருக்குன்னு சொல்லிடலாம், நிமிஷத்துக்கு 3ல இருந்து 10, 12ன்னு தாவினா இரைப்பைய விட்டு கிளம்பிடுச்சு.

ஆனா ஒரு பெரிய ஆனா இருக்கு. கேப்ஸ்யூல் சாப்பாடு இல்ல. அரைபடாத பெரிய பொருள இரைப்பை சாப்பாட்டு நேரத்துல வெளிய விடாது. கல்யாண வீட்டுல பந்தி முழுசா முடிஞ்சப்புறம்தான் ஹால கூட்டித் தள்ளுவாங்க இல்லியா, அந்த மாதிரி வயிறு காலியானப்புறம் சுமார் 90ல இருந்து 120 நிமிஷத்துக்கு ஒருதரம் பலமான அலை ஒண்ணு வரும், அதுலதான் கேப்ஸ்யூல் போகும். நடுவுல டீயும் ரெண்டு பிஸ்கட்டும்னு கொறிச்சுட்டே இருந்தீங்கன்னா அந்த அலையே வராது, கேப்ஸ்யூல் அங்கயே கெடக்கும், ரிசல்ட்ல வயிறு மெதுவுன்னு தெரியும். அதனால நாலு வாய்ல நெறஞ்சுடுதுங்கிற நோயாளிக்கு இது மொத டெஸ்ட் இல்ல, பழைய மலச்சிக்கலுக்கு, முழுக் குடலோட கதைய பாக்கத்தான் இது சரி.

பேஸ்மேக்கர் இருந்தா வேண்டாம். குடல் எங்கயாவது சுருங்கி ஒட்டியிருந்தா மாட்டிக்கும். கேப்ஸ்யூல் வெளிய வந்தது உறுதியாகுற வரைக்கும் எம்ஆர்ஐ பக்கமே போகக்கூடாது. காந்தம் ஒண்ணுன்னா தானா வந்துடும், ரெண்டு தனித்தனியா உள்ள போனா குடல் சுவத்த நடுவுல வச்சு ஒண்ணோட ஒண்ணு ஒட்டி ஓட்டையே போட்டுடும், அதனால பொம்ம காந்தத்த முழுங்கின கொழந்தைய "தானா வந்துடும்"னு வீட்டுலயே வச்சிருக்காதீங்க.

## ஏசி பயோசஸ்செப்டோமெட்ரி: கம்பிச்சுருளும் ஃபெர்ரைட்டும்

பேரு வாய்ல நுழையல, வேல ரொம்ப எளிசு. ஒரு சுருள்ல சுமார் 10 கிலோஹெர்ட்ஸ் கரண்ட், பக்கத்துல பிடிக்கிற சுருள், அதே மாதிரி இன்னொரு ஜோடி எதிர்ப்பக்கம் வச்சு ரெண்டையும் சமன் பண்ணிடுறது. ஃபெர்ரைட் (காந்தம் இழுக்கிற இரும்பு ஆக்சைட் வகை) பொடி கலந்த சாப்பாடு ஒரு ஜோடிக்கு கிட்ட வந்ததும் சமன் கெட்டு சிக்னல் வரும், அத லாக்-இன் ஆம்ப்ளிஃபையர் (ஒரே ஒரு அலைவரிசைய மட்டும் பிரிச்சு எடுக்கிற கருவி) பிடிக்கும். பிரேசில்ல பொட்டுகாட்டு யுனிவர்சிட்டில மிராண்டா குரூப் இத வளர்த்தாங்க, வயிறு காலியாகுறத இதுல அளக்கலாம்னு 1992லயே பேப்பர் வந்துடுச்சு. பொடிய உடம்பு உறிஞ்சாது, அப்படியே வெளிய போயிடும்.

எனக்கு இதுல பிடிச்சது, மேல சொன்ன நாலு விஷயத்துல மூணு ஒரே கருவில வருது. சாப்பாட்டோடவே பொடி கலந்திருக்கிறதால காலியாகுற வேகம் சாப்பாட்டோட வேகம்தான், கேப்ஸ்யூல் மாதிரி ஏமாத்தாது. சுருக்கம் நிமிஷத்துக்கு 3ன்னு அலையா தெரியும். பெருங்குடலுக்கு எப்ப வந்துச்சுன்னும் பாக்கலாம். தனி ரூம் வேண்டாம், ஹீலியம் வேண்டாம், ரயில் ஓடினா ஓடட்டும், ஏன்னா 10 கிலோஹெர்ட்ஸ்ல மட்டும்தான் காது குடுக்குது. கரண்ட் போயிட்டா நாளைக்கு மறுபடி அளக்கலாம், எதுவும் ஆவியாகிப் போகாது. லோட் ஷெடிங் (முறை போட்டு கரண்ட் நிறுத்துறது) காலத்த பாத்த நமக்கு இது சின்ன விஷயம் இல்ல.

கொறைன்னா தூரம். சுருள்ல இருந்து சாப்பாடு கொஞ்சம் தள்ளிப் போனாலும் சிக்னல் சரசரன்னு விழுந்துடும், அதனால தொப்பை இருக்கிறவங்ககிட்ட கஷ்டம், நம்ம ஊர் சுகர் நோயாளிங்க பாதிப் பேர் அப்படித்தான். ஆள் கொஞ்சம் நகர்ந்தாலும் ரீடிங் ஆடும். ஆஸ்பத்திரில வச்சு நோய்னு முடிவு சொல்ற அளவுக்கு எல்லாரும் ஒத்துக்கிட்ட நார்மல் நம்பரும் இல்ல.

ப்ராஜெக்ட் தேடுற தம்பிங்க தங்கச்சிங்களுக்கு இங்க ஒரு நல்ல எடம் இருக்குன்னு நெனைக்கிறேன். முட்டை டோஸ்டுக்குப் பதிலா மாரியம்மன் கோயில் கூழு, மீலி மீல் (மக்காச்சோள மாவு) கஞ்சி, பருப்பும் சோறும்னு நாம சாப்பிடுறதுல பொடிய கலந்து, நம்ம ஆளுங்க வயிறு எவ்வளவு நேரத்துல காலியாகுதுன்னு ஒல்லியான ஆரோக்கியமான வாலண்டியருங்கள வச்சு மொதல்ல பாருங்க. மொத வருஷம் மனுஷன தொடவே வேண்டாம், தண்ணி டப்பாவுக்குள்ள பொடிய வச்சு தூரத்துக்கு சிக்னல் எப்படி விழுதுன்னு அளந்தாலே ஒரு அத்தியாயம். மறைஞ்ச செலவு எதிக்ஸ் கமிட்டி, பொடியோட சுத்தம், துகள் அளவு எல்லாத்துக்கும் பேப்பர் கேப்பாங்க, அது மாசக்கணக்குல இழுக்கும், சுருள் சுத்துறதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சுடுங்க.

## எம்ஆர்ஐ

இதுவும் காந்தம்தான், ஆனா வயித்த படமா எடுக்குது, சுவர் சுருங்குறது, உள்ள எவ்வளவு இருக்குங்கிறது ரெண்டும் தெரியும். கதிர்வீச்சு இல்ல. ஆனா படுத்துட்டு இருக்கணும், படுத்தா வயிறு காலியாகுற விதமே மாறும், மெஷின் நேரம் விலை, அலசுறதுக்கு தனி சாஃப்ட்வேர், தெரிஞ்ச ஆள் வேணும். வேற காரணத்துக்கு எம்ஆர்ஐ எடுக்கும்போது கூட பாக்கலாம், இதுக்குன்னு கேட்டு மெடிக்கல் எய்ட் (மருத்துவக் காப்பீடு) கிட்ட சண்ட போடுறது வேஸ்ட்.

## ஒரே பார்வையில

| முறை | எத அளக்குது | இடத்துக்கு என்ன வேணும் | யாருக்கு ஆகாது | எப்ப எடுக்கலாம் |
|---|---|---|---|---|
| ஐசோடோப் ஸ்கேன் | சாப்பாடு காலியாகுற வேகம் | காமா கேமரா, டெக்னீசியம் | கர்ப்பிணி | மொத டெஸ்ட், மருந்து முடிவு பண்ண |
| மூச்சு டெஸ்ட் | அதேதான், சுத்து வழியா | லேப் மட்டும் | கல்லீரல், நுரையீரல் நோய் | கர்ப்பிணி, கொழந்தை, தூரத்து ஊர் |
| ஸ்க்விட் | மின் அலை, அது ஓடுற விதம் | காந்தம் நுழையாத ரூம், ஹீலியம் | உடம்புல இரும்பு, பேஸ்மேக்கர் | ரூம் இருக்கிற வெளிநாட்டு லேப் |
| காந்த கேப்ஸ்யூல் | ஒரு பொருளோட பயண நேரம் | சென்சர் பெட்டி | பேஸ்மேக்கர், குடல் அடைப்பு | பழைய மலச்சிக்கல், பெருங்குடல் |
| ஏசி சுருள் | காலியாகுறது, சுருக்கம், பயணம் | சாதாரண லேப் | தொப்பை, பேஸ்மேக்கர் | மாணவர் ப்ராஜெக்ட் |
| எம்ஆர்ஐ | சுவர் அசைவு, கொள்ளளவு | மெஷின், அலசுற ஆள் | பேஸ்மேக்கர், ரூமுக்கு பயப்படுறவங்க | வேற ஸ்கேனோட சேர்த்து |

## டாக்டர்கிட்ட போகும்போது

ஸ்கேனுக்கு முன்னாடி எண்டோஸ்கோப்பி பண்ணி வழியில அடைப்பு ஏதும் இல்லன்னு பாத்தாச்சான்னு கேளுங்க, புண்ணோ கட்டியோ வழிய மறச்சுட்டு இருந்தா மேல சொன்ன எந்த மெஷினும் அத வயிறு மெதுவுன்னுதான் காட்டும். ஆல்பர்ட் லுத்துலி மாதிரி நியூக்ளியர் மெடிசின் இருக்கிற அரசு ஆஸ்பத்திரிக்கு ரெஃபரல் லெட்டர் வேணும், ப்ரைவேட்னா மெடிக்கல் எய்ட்கிட்ட முன் அனுமதி வாங்கிட்டு போங்க. மாத்திரை லிஸ்ட எழுதும்போது தலைவலிக்கு வாங்கினது, மூலிகை, ஊசி எல்லாத்தையும் எழுதுங்க. இன்சுலின் போடுறவங்க வெறும் வயித்தோட போறதால அன்னைய டோஸ் எவ்வளவுன்னு முன்னாடி நாளே கேட்டு வச்சுக்கணும், சுகர் இறங்கிடுச்சுன்னா நடுவுல இனிப்பு குடுக்க வேண்டி வரும், அதோட டெஸ்ட் போச்சு, இன்னொரு தேதிதான்.